குதிக்கிற பொத்தான் தம்பிக்கு

குளிர்கிடங்கில் என் தம்பியை எல்லாரும் ‘பூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் குனிந்து நுழைகிற ஆள் அவன். கையை விரித்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டு மறைந்துவிடும். அவனுக்குப் போய் இப்படி ஒரு பேரா என்று முதலில் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது கேலிக்கு வைத்த பேர் இல்லை. உறைந்த பட்டாணிப் பெட்டிகளையும் மீன் பெட்டிகளையும் மரத்தட்டில் அடுக்கி, அந்தத் தட்டோடு ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் தூக்கி, கூரைக்குக் கீழே இருக்கிற அடுக்கில் வைப்பது அவன் வேலை. மற்றவர்கள் வைத்தால் கிடங்கு முழுக்க ‘டமால்’ என்று கேட்குமாம். இவன் வைத்தால் வைத்ததே தெரியாதாம். பூ மாதிரி வைக்கிறான் என்று யாரோ சொல்லப்போய் அதுவே ஒட்டிக்கொண்டது.

அந்த வண்டியில் இடது கைக்கு ஸ்டீயரிங், வலது கைக்கு லீவர்கள். ஒரு லீவர் தூக்கும், பக்கத்து லீவர் சாய்க்கும். விரல் நுனியால் பட்டும் படாமலும் அசைக்கவேண்டும் என்பான். அவன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவது இந்த லீவர்களைப் பற்றி மட்டும்தான். மற்றபடி கேட்டால் பதில், அதுவும் மனசு வைத்தால். எங்கள் குடும்பத்துக்கான பேச்சு மொத்தத்தையும் நானே பேசித் தீர்த்துவிட்டதால் அவனுக்கு மிச்சம் இல்லை என்று அவன் பெண்டாட்டி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு இஸ்திரி போடுகிறவள் நான், பேச்சும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

அவனுக்குப் பக்கவாதம் வந்தது வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதுதான். சரக்கு பாதி உயரத்தில் நிற்கிறது, வலது கை கேட்கவில்லை. இதில்தான் என் வயிறு இன்றைக்கும் எரிகிறது. அந்தக் கிடங்கில் கை மரத்துப்போவது தினசரி சங்கதி. எல்லாருக்கும் மரக்கும், தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். இவனும் தட்டிப் பார்த்திருக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் நல்ல மனசோடு அவனைக் கைத்தாங்கலாக ஓய்வறைக்குக் கூட்டிப்போய் ஹீட்டர் முன்னால் உட்கார வைத்து, ஆள் மாற்றி ஆள் அந்தக் கையைப் பிடித்துப் பரபரவென்று தேய்த்திருக்கிறார்கள். சூடாக டீ கொடுத்திருக்கிறார்கள். குளிர்தான், இப்போது விட்டுவிடும் என்று அவனே சொல்லியிருக்கிறான். குடித்த டீ வாயோரமாக வழிந்து சட்டையை நனைத்த பிறகுதான் ஒருத்தனுக்கு ஏதோ உறைத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறான். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டிய நேரம் கடந்துவிட்டது. யாரைத் திட்ட? கையைத் தேய்த்துவிட்டவர்களையா? கொஞ்ச நாள் மனசுக்குள் அவர்களையும் திட்டினேன்.

கோணின வாய் நேரானது. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை ஏதோ கொஞ்சம் உயிர் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். விடுப்பு முடிகிற அன்றைக்கு வண்டியில் ஏறி ஒரு தட்டைத் தூக்கி வைத்துக் காட்டவேண்டும், காட்டினால் பழைய வேலை, முடியாவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் விதி. பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்தது அந்த வண்டி ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் அவன் யார் என்று அவனுக்கே தெரியாது. அதனால் எங்கள் பாடு எல்லாம் அந்தக் கையைச் சுற்றியே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபி பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி வீட்டுக்கு வருவாள். சின்ன வயசு, பொறுமை மட்டும் மலையளவு. களிமண் மாதிரி ஓர் உருண்டையைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். துணி மாட்டுகிற கிளிப்பை எடுத்து எடுத்து வைக்கச் சொல்வாள். இவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

“நான் என்ன ஒண்ணாம் கிளாஸா?” என்பான்.

ஒரு நாள் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, மனசு ஒட்டாம செஞ்சா இதுல பிரயோஜனமே இல்ல. அவருக்கு ரொம்பப் பிடிச்சது ஏதாவது இருந்தா அதக் கையில குடுங்க. கட்டைவிரல் தனியா அசையணும். அது வந்துட்டா மத்த விரலும் வர வாய்ப்பிருக்கு.”

அவனுக்கு ரொம்பப் பிடித்தது என்றதும் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது கப்பல்காரன்தான்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. அதற்கு ஒரே ஒரு கேசட். கேசட்டின் மேல் என்னவோ ஒரு மொழியில் பேர் போட்டிருக்கும், எங்கள் தெருவிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவர் கிடையாது. வெள்ளைத் தொப்பி போட்ட குள்ளன் ஒருவன் தண்ணீரில் மிதக்கிற கட்டை மேலெல்லாம் தாவித் தாவிப் போவான். நாங்களே ‘கப்பல்காரன்’ என்று பேர் வைத்துக்கொண்டோம். நண்டு வரும், பீப்பாய் உருளும். தவறி விழுந்தால் ஆள் முழுகித் தொப்பி மட்டும் மிதக்கும். கடைசியில் ஓட்டைப் பாலம். கால் வைத்த பலகை அடுத்த நொடி காணாமல் போய்விடும், நிற்காமல் ஓடிக்கொண்டே தாவவேண்டும்.

இருந்தது ஒரே ஒரு ஜாய்ஸ்டிக். யார் பிடிப்பது என்று நாங்கள் போட்ட சண்டையில் அப்பா ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். “ரெண்டு பேரும் சேந்து விளையாடுறதுன்னா விளையாடுங்க, இல்லன்னா குப்பையில போடுறேன்” என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள். அதனால் ஜாய்ஸ்டிக்கையே பாகம் பிரித்துக்கொண்டோம். இடது பாதி எனக்கு, அதாவது முன்னே பின்னே நடத்துவது என் வேலை. வலது பாதி அவனுக்கு, குதிக்கிற பொத்தான் அவனுடையது. மூத்தவள் என்ற திமிரில் எங்கே போவது என்பதை நான் எடுத்துக்கொண்டேன். தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கையால் விளையாடுவோம். அவன் ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் விரல் மட்டும் குதிக்காது, ஆளே குதிப்பான். தோள் தூக்கி அடித்து என் தோளில் மோதும். அந்த இடியை வைத்தே கப்பல்காரன் எழும்பிவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிடும். தனித்தனியாக விளையாடின பிள்ளைகள் யாரும் ஓட்டைப் பாலத்தைத் தாண்டினதில்லை. நாங்கள் தாண்டினோம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அந்தப் பெட்டியெல்லாம் என்றைக்கோ போய்விட்டது. டிவி ரிப்பேர் கடையில் பழைய கேம்களை எல்லாம் ஒரே சின்னப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பேர் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரரிடம் நடித்தே காட்டினேன்.

“வெள்ளத் தொப்பி போட்டிருப்பான். கட்டை கட்டையாத் தாவுவான்.”

“அக்கா, எல்லா கேம்லயும் தாவத்தானே செய்றானுங்க” என்றார் அவர். “தாவாத கேம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, உடனே கண்டுபிடிச்சுத் தர்றேன்.”

நானும் விடவில்லை. அந்தப் பாட்டை ஹம் பண்ணிக் காட்டினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் அதே பாட்டு டிவியிலிருந்து வந்ததும் விலைகூடக் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டு டிவியில் அதை மாட்டினேன். பாட்டு வந்ததும் சோபாவில் சாய்ந்து கிடந்தவன் நிமிர்ந்தான்.

“அட, இவனா?” என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அடுப்படியிலிருந்து அவன் பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள்.

பழையபடி தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். இடது பாதியை நான் பிடித்தேன். அவன் வலது கையை எடுத்து, குளிர்ந்து கிடந்த அந்தக் கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தேன். கப்பல்காரனை ஓட்டினேன். முதல் கட்டை முடிகிற இடம் வந்தது. “குதிடா” என்றேன். விரல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கப்பல்காரன் ஓடின வேகத்தில் தொபுக்கென்று தண்ணீருக்குள் போனான்.

விழுந்தவனை அதே பொத்தானை அமுக்கி நானே மேலே கொண்டுவந்து மறுபடி ஓட்டினேன். மறுபடி போனான். தினமும் வேலை முடிந்து நேரே அங்கே போவேன், விளக்கேற்றுகிற நேரம் வரைக்கும் இந்தக் கூத்துத்தான். ஒரு நாள்கூட அவன் முதல் கட்டையைத் தாண்டவில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. “குதிடா, குதிடான்னா, காது கேக்கலயா உனக்கு” என்று கத்துவேன்.

“அண்ணி, மெதுவா. பக்கத்து வீட்ல வேற என்னமோ நினைச்சுக்கப் போறாங்க” என்பாள் அவன் பெண்டாட்டி.

“நினைக்கட்டும். அவங்க வந்து குதிச்சுக் குடுப்பாங்களா?”

அவனோ வியர்த்து வழிய அந்த விரலையே முறைத்துக்கொண்டிருப்பான். ஒரு விரலை அசைக்க ஒரு மனுஷன் அவ்வளவு பாடுபடுவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். எனக்கும் விட்டுப்போனது. வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவேன்.

பிசியோ பெண் வரவேண்டிய முறையெல்லாம் முடிந்து அவள் வேறு வீடுகளுக்குப் போய்விட்டாள். விடுப்பும் கரைந்துகொண்டே வந்தது. இனி இவ்வளவுதான் என்று நான் முடிவே கட்டிவிட்ட ஒரு சாயங்காலம், வழக்கம்போல ஓட்டிக்கொண்டு போனேன். குதிடா என்று சொல்லக்கூட இல்லை. என் தோளில் அந்த இடி விழுந்தது. கப்பல்காரன் எழும்பி, காற்றில் ஒரு வளைவு வளைந்து அடுத்த கட்டையில் நின்றான்.

 ஓட்டுவதை நிறுத்தவும் எனக்குப் பயம், தொடரவும் பயம். அடுத்த கட்டை வந்தது. இடி விழுந்தது, தாண்டினான். நண்டு வந்தது, தாண்டினான். பழைய தம்பி அப்படியே திரும்பி வந்துவிட்டான் என்றே நினைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் பீப்பாய்களைத் தாண்டினோம். பிறகு ஒரு நாள் ஓட்டைப் பாலத்துக்கே வந்தோம். பலகைகள் ஒவ்வொன்றாக மறைய மறைய நான் ஓட்டினேன், என் தோளில் இடி மேல் இடி, அந்தக் கரையில் போய் நின்றபோது நான் எழுந்து நின்று ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டேன். அவன் பெண்டாட்டி ஈரக்கையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்து, அழுது, ஒரே அமர்க்களம். அவன் சோபாவிலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் என் செலவில் டீ. பிசியோ பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“ரொம்ப சந்தோஷம் அக்கா. கட்டைவிரல் தனியா அசையுதா?” என்று கேட்டாள்.

“அசையாமத்தான் பாலத்தத் தாண்டினானா?” என்றேன். அவளுக்கும் வேறு கேட்கத் தோன்றவில்லை.

சோதனை நாள் வந்தது. அவன் பெண்டாட்டிக்கு அவள் வேலை செய்கிற இடத்தில் விடுப்பு கிடைக்காததால் நான் கூடப் போனேன். காலையில் சட்டைப் பொத்தான் மாட்டிவிடும்போது பார்த்தேன், அவன் முகம் சரியில்லை. பயம் இருக்காதா என்று விட்டுவிட்டேன். எனக்கும் ஒரு தடித்த குளிர்ச்சட்டையைக் கொடுத்து, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். பேசினால் வாயிலிருந்து புகையாக வந்தது. பூ வந்தாச்சு என்று யாரோ குரல் கொடுக்க, அங்கங்கே வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அன்றைக்கு அவன் கையைத் தேய்த்துவிட்டவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

வண்டி சோதிக்கிற அதிகாரி தன்மையான மனுஷர். “அவசரமே இல்ல பூ. ஒரே ஒரு தட்டு. நடு அடுக்குல வச்சாப் போதும்” என்றார்.

தம்பி ஏறி உட்கார்ந்தான். இடது கை ஸ்டீயரிங்கைச் சுற்றினது, வண்டி அவன் சொன்னபடி கேட்டது. அப்படி ஒரு நேர்த்தி. இரும்புக் கொம்புகள் இரண்டும் தட்டுக்கு அடியில் அளந்து வைத்த மாதிரி நுழைந்தன. யாரோ லேசாகக் கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்புறம் தூக்க வேண்டும். அவன் வலது தோள் மெதுவாக எழும்பினது. தோளோடு கை முழுசும் எழும்பி, ஈரத்துணி தொங்குகிற மாதிரி விரல்கள் தொங்க, அப்படியே லீவர் மேல் விழுந்தது. ஒரு லீவர் மேல் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு மேலும் விழுந்தது. தட்டு உயர உயரச் சாயவும் தொடங்கியது. எடுக்க நினைத்தான். எடுக்கவும் தோள்தானே வேண்டும். அதற்குள் மேலே இருந்த பெட்டிகள் சரிந்து ‘டமால்’ என்று தரையில் விழுந்து உடைந்தன. கிடங்கு முழுக்கப் பட்டாணி உருண்டது.

அந்தத் தோளைப் பார்த்த கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. இத்தனை நாளும் என் தோளில் இடித்தது இதுதான். அவன் விரலால் குதிக்கவில்லை. மொத்தக் கையையும் தோளால் தூக்கிப் பொத்தான் மேல் போட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயசுப் பழக்கம் திரும்பிவிட்டது என்று நான் பூரித்துப்போய் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

அதிகாரி வண்டியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். “ஒரு விரல மட்டும் தூக்கிக் காட்டுப்பா” என்றார். தம்பி முயற்சி செய்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். “போதும், விடு” என்று அவரே அந்தக் கையை எடுத்து அவன் மடியில் வைத்தார். “மன்னிச்சுக்க பூ. என்னால இதுக்குக் கையெழுத்துப் போட முடியாது.”

பஸ்ஸில் பின் இருக்கையில் உட்கார்ந்தோம்.  கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“முதல் தடவ தாண்டினப்பவே.”

“ஏன்டா சொல்லல? பைத்தியக்காரி மாதிரி ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இருந்தேனே.”

அவன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். “நீங்க ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுச் சிரிச்சீங்க. அப்பப் போய் என்னன்னு சொல்றது?”

“சரி, தெரிஞ்சும் எதுக்குடா அங்க வந்து அத்தன பேர் முன்னாடி…” எனக்குக் கோபத்தில் குரல் உடைந்தது.

“பாலத்தத் தாண்டினோமே அக்கா” என்றான். “தோள வச்சே சமாளிச்சிடலாம்னு நானும் நம்பிட்டேன்.”



வேலை முடிந்து வந்த அவன் பெண்டாட்டி எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.  போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். கம்பெனியிலிருந்து அவனுடைய குளிர்ச்சட்டையையும் பூட்ஸையும் திருப்பித் தரச் சொல்லி ஆள் வந்தபோது அவள்தான் மடித்துக் கட்டிக் கொடுத்தாள். அவன் குளியலறையில் இருந்தான். ஆள் போகிற வரைக்கும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்கு மட்டும் அடங்கவில்லை. அடுத்த விடுமுறை நாளில் போய் அந்தப் பெட்டியை நானே மாட்டினேன்.

“இடது கை உனக்கு நல்லாத்தானே இருக்கு. நீ நடத்து. நான் குதிக்கிறேன்” என்றேன். “எத்தனையோ வேலை ஒத்தக் கையாலயும் செய்றாங்க. பழகிப் பார்ப்போம், வா.”

என் பிடுங்கல் தாங்காமல் வந்து உட்கார்ந்தான். இடம் மாறி உட்கார்ந்தோம். அப்போதுதான் எனக்கே உறைத்தது, ஜாய்ஸ்டிக்கைப் பாகம் பிரித்த நாளிலிருந்து நான் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. அவன் ஒரு தடவைகூட நடத்தினதில்லை. அவன் நேரே கொண்டுபோய் நண்டு மேல் விட்டான். கட்டை முடிந்த பிறகு நான் பொத்தானை அமுக்கினேன். இன்னொரு தடவை அவன் நடத்தாமல் விட்டுவிட்டான், நான் கப்பல்காரனை நின்ற இடத்திலேயே எம்பி எம்பிக் குதிக்க வைத்தேன். வேறு எப்போதாவது என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். எவ்வளவு முட்டி மோதியும் மூன்றாவது கட்டைக்கு மேல் போக முடியவில்லை. “பழகப் பழக வந்துடும்டா” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

கப்பல்காரன் மறுபடி தண்ணீரில் விழுந்தான். விழுந்தவனை மேலே கொண்டுவரவும் அதே பொத்தான்தான். அமுக்கப் போனேன். தம்பி இடது கையை நீட்டி, அழுத்தமும் இல்லாமல் அவசரமும் இல்லாமல் என் விரலை அதிலிருந்து எடுத்துவிட்டான்.

“விடு அக்கா” என்றான். “அவன் தண்ணியிலயே கிடக்கட்டும்.”

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். டிவியில் பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து அவன் பெண்டாட்டி டீ போடட்டுமா என்று கேட்டாள்.